எழுத்து பெரிதாக வேண்டும், படம் பெரிதாகக் கூடாது: போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரின் குட்டி எழுத்துச் சிக்கல்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களில் ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள சிப்புகளைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் புது லேப்டாப் வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலை. வாங்கி, போட்டோஷாப் போட்டு, திறந்தால் லேயர் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அடுக்கு) பெயர் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, சாப்ட்வேர் சரியாக ஏறவில்லையா, கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டதா என்று மூன்று பக்கமும் சந்தேகம் வரும்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. மற்ற இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில், எந்த எழுத்து?

"போட்டோஷாப்பில் எழுத்து சின்னதாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். பாதிக் குழப்பம் இங்கேதான்.

1. படத்துக்குள் நாம் போடும் எழுத்து. கல்யாண ஆல்பத்தில் மணமக்கள் பெயர், நினைவஞ்சலி ஃபிளக்ஸில் வரும் வரிகள் இதெல்லாம். இதன் அளவு பாயின்ட்டில் இருக்கும், 72 பாயின்ட் ஒரு அங்குலம். 300 ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஃபைலில் 12 பாயின்ட் என்பது 50 பிக்சல் உயரம், 72 ரெசல்யூஷன் ஃபைலில் அதே 12 பாயின்ட் வெறும் 12 பிக்சல். இது ஃபைலைப் பொறுத்த விஷயம், ஸ்கிரீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2. விண்டோஸுக்குச் சொந்தமான எழுத்து. மேலே வரும் ஃபைல், எடிட் மெனு, ஃபைலைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் வரும் பெட்டி போன்றவை. இவை விண்டோஸ் சொல்வதைத்தான் கேட்கும்.

3. சாப்ட்வேர் தானே வரையும் எழுத்து. லேயர் பேனல், டூல் ஆப்ஷன், பிளெண்ட் மோடு பட்டியல், எண் போடும் கட்டங்கள். நமக்கும் சாப்ட்வேருக்கும் நடுவில் இருப்பதால் இதை இடைமுகம் என்கிறோம்.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. இரண்டாவதை மாற்றிவிட்டு மூன்றாவது மாறவில்லையே என்று தலையைச் சொறிவதுதான் வழக்கமாக நடப்பது.

## சுருங்கியது எழுத்தில்லை, புள்ளி இடைவெளி

வாசலில் ஏழு புள்ளிக் கோலம் போடுகிறீர்கள். புள்ளிக்குப் புள்ளி நாலு விரல் இடைவெளி விட்டால் கோலம் வாசலை நிறைக்கும். அதே ஏழு புள்ளியை ஒரு விரல் இடைவெளியில் வைத்தால் கோலம் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். புள்ளி எண்ணிக்கை மாறவே இல்லை.

ஸ்கிரீனும் அப்படித்தான். பிக்சல்தான் புள்ளி. ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதைப் பிக்சல் அடர்த்தி என்பார்கள். பழைய சாப்ட்வேர் ஒவ்வொரு எழுத்தையும் "12 புள்ளி உயரம்" என்பதுபோலக் கணக்குப் போட்டு வரைந்தது, அந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று அது கவலைப்படவில்லை. இப்போது கணக்கைப் பாருங்கள்:

- 18.5 அங்குல பழைய மானிட்டர், 1366 × 768: அங்குலத்துக்குச் சுமார் 85 பிக்சல். 12 பிக்சல் எழுத்தின் உயரம் 3.6 மில்லிமீட்டர்.
- 15.6 அங்குல லேப்டாப், 1920 × 1080: சுமார் 141 பிக்சல். அதே எழுத்து 2.2 மில்லிமீட்டர்.
- 14 அங்குல புது லேப்டாப், 2880 × 1800: சுமார் 243 பிக்சல். அதே எழுத்து 1.3 மில்லிமீட்டர்கூட இல்லை.

பழைய மானிட்டரிலிருந்து நேராக இந்தக் கடைசி ரகத்துக்குத் தாவியவருக்கு எழுத்து மூன்றில் ஒரு பங்காகத் தெரிகிறது என்றால் அது பிரமை இல்லை, அளந்து பார்த்தாலும் அதுதான். ஸ்கிரீன் "நல்லதாக" ஆக ஆக எழுத்து சின்னதாகிறது. படத்துக்கு நல்லது, படிக்கிறவருக்குக் கெட்டது.

## விண்டோஸே பெரிதாக்கிக் கொடுத்தால் என்ன?

கொடுக்கிறது. ஸ்கேலிங் என்று அதற்குப் பெயர். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே போனால் 100, 125, 150, 200 சதவீதம் என்று இருக்கும், அடர்த்தியான ஸ்கிரீன் என்றால் விண்டோஸே 200 போன்ற ஒன்றைப் பரிந்துரைத்து வைத்திருக்கும். பிரௌசரும் வேர்டும் இதைப் பார்த்துத் தாமாகவே பெரிதாகிவிடும். போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

ஏனென்றால் அதற்குள் குணத்தால் முற்றிலும் வேறான இரண்டு பொருட்கள் ஒரே ஜன்னலில் இருக்கின்றன. சுற்றியிருக்கும் பேனலும் எழுத்தும் பெரிதாக வேண்டும். நடுவில் இருக்கும் படம் பெரிதாகக் கூடாது, படத்தின் ஒரு பிக்சல் ஸ்கிரீனின் ஒரு பிக்சலில் உட்கார வேண்டும், 100 சதவீத ஜூம் என்றால் அதுதான் பொருள். வேர்டுக்கு இந்தக் கவலை கிடையாது.

ஒரு சாப்ட்வேர், ஸ்கேலிங் பற்றித் தனக்குத் தெரியும் என்று விண்டோஸிடம் சொல்லாவிட்டால் விண்டோஸ் என்ன செய்யும்? அந்த ஜன்னலை முழுவதுமாகச் சின்ன அளவில் வரையவிட்டு, பிறகு ரப்பர் ஷீட்டை இழுப்பதுபோல மொத்தமாக இழுத்துக் காட்டும். எழுத்து பெரிதாகும், கூடவே கொஞ்சம் மங்கும், அது பரவாயில்லை. நடுவில் இருக்கும் படமும் சேர்ந்து இழுபடுகிறதே, அங்கேதான் வில்லங்கம்.

ஒரு உதாரணம். கன்னியாகுமரிக் கரையில் நின்று, விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் படமெடுத்திருக்கிறீர்கள். பாலத்தின் வளைவிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். இழுபட்ட ஜன்னலில் அவை மங்கலாகத்தான் தெரியும், படம் நன்றாக இருந்தாலும். உடனே கை ஷார்ப்பனிங்குக்கு, அதாவது ஓரங்களைக் கூர்மையாக்கும் வசதிக்குப் போகும். ஸ்கிரீனில் "சரி, இப்போது நன்றாக இருக்கிறது" என்று தோன்றும்வரை ஏற்றுவீர்கள். லேபிலிருந்து பிரின்ட் வந்தால் ஒவ்வொரு கம்பியின் ஓரத்திலும் வெள்ளைக்கோடு. முகங்களில் இதே தவறு நடந்தால் இன்னும் மோசம், மணப்பெண்ணின் கன்னத்தில் இல்லாத சொரசொரப்பு வந்து நிற்கும்.

சர்வீஸ் செய்ய வருகிறவர்கள் சிலர் "எழுத்து பெரிதாகணும், அவ்வளவுதானே" என்று ஸ்கிரீன் ரெசல்யூஷனையே குறைத்துவிட்டுப் போவார்கள். அதைவிடத் தப்பான வைத்தியம் இல்லை. அப்போதும் படம் சேர்ந்து மங்குகிறது, கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிக்சல்கள் வீணாகின்றன. ரெசல்யூஷன் எப்போதும் "பரிந்துரைத்தது" என்று போட்டிருக்கும் அளவிலேயே இருக்கட்டும்.

ஆக, சரியான வழி ஒன்றுதான். சாப்ட்வேர் தன் இடைமுகத்தைத் தானே பெரிதாக வரைய வேண்டும், படத்தைத் தொடக்கூடாது. அதற்குத்தான் தனியாக ஒரு எழுத்து அளவு ஆப்ஷன் தேவைப்படுகிறது.

## இரட்டிப்பு எளிது, ஒன்றரைதான் தலைவலி

இதைச் செய்ய ஏன் இத்தனை வருடம் ஆனது என்றும் கேட்கலாம். மறுபடி கோலத்துக்கு வருவோம். ஒவ்வொரு புள்ளிக்குப் பதிலாகவும் நாலு புள்ளி வைத்தால் கோலம் கச்சிதமாக இரண்டு மடங்காகிவிடும். ஒன்றரை மடங்கு என்றால்? ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டேகால் புள்ளி வைக்க வேண்டும். கால் புள்ளியை எங்கே போய் வைப்பது! டூல் பாரில் இருக்கும் குட்டிப் படங்கள் புள்ளிப் புள்ளியாக வரையப்பட்டவை, 1.25 மடங்கிலும் 1.5 மடங்கிலும் அவற்றின் ஓரம் கரைந்துபோகும், இல்லாவிட்டால் ஒரு கோடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் வரும்.

2012 ஜூனில் ஆப்பிள் ரெடினா ஸ்கிரீன் மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தபோது கச்சிதமாக இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டது, அதனால் அங்கே விவகாரம் சீக்கிரம் முடிந்தது. விண்டோஸ் உலகத்தில் பத்து கம்பெனி பத்து அளவில் ஸ்கிரீன் செய்கிறது. போட்டோஷாப்பின் 2014 பதிப்பில் விண்டோஸுக்கு 200 சதவீத ஸ்கேலிங் ஒரு பரிசோதனை வசதியாகத்தான் வந்தது. நடுவில் இருக்கும் 125, 150 போன்ற அளவுகளையும், ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி அளவையும் அது கவனிக்க ஆரம்பித்தது 2018 ஜனவரியில் வந்த 19.1 பதிப்பில். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸை எவ்வளவு புரட்டினாலும் இல்லாததைக் கண்டுபிடிக்க முடியாது.

## எதில், எங்கே இருக்கிறது

போட்டோஷாப். எடிட் மெனுவில் கடைசியாக பிரிஃபரன்சஸ், அதற்குள் இன்டர்ஃபேஸ். அங்கே மூன்று விஷயம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். யுஐ என்றால் இடைமுகம்.

1. யுஐ ஸ்கேலிங்: ஆட்டோ, 100, 200. ஆட்டோவில் விட்டால் விண்டோஸ் சொல்வதைப் பின்பற்றும். அப்படியே விடுவது நல்லது.
2. யுஐ ஃபான்ட் சைஸ்: டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ். இது எழுத்தை மட்டும் மாற்றும்.
3. ஸ்கேல் யுஐ டு ஃபான்ட்: எழுத்து எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு சுற்றியிருக்கும் கட்டமும் ஐகானும் வளரட்டும் என்று சொல்லும் டிக்.

இரண்டாவதை மட்டும் போட்டு மூன்றாவதை விட்டால் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி, எழுத்து இருக்கும், கட்டம் போதாது. லார்ஜ் போட்டவர்கள் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும், ஏனென்றால் பேனல்களின் அளவெல்லாம் திறக்கும் நேரத்தில் ஒருமுறை கணக்கிட்டு வைக்கப்படுகிறது. "மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லைட்ரூம் கிளாசிக்கிலும் பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ் பக்கம்தான். ஸ்மால், லார்ஜ், அதற்கு மேல் 150, 200, 250 சதவீதம் என்று ஃபான்ட் சைஸ் கிடைக்கும். போட்டோஷாப்பைவிடத் தாராளம்.

கிம்ப் இலவசம் என்பதால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலர் அதில்தான் ஆரம்பிப்பார்கள். 2018இல் வந்த 2.10இல் ஐகான் அளவை மாற்றலாம், எழுத்தை மாற்ற தீம் ஃபைலைத் திறந்து கையால் எழுத வேண்டும், அது எல்லாருக்கும் ஆகிற வேலை இல்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0இல் இடைமுகப் பகுதியின் தீம் பக்கத்திலேயே எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்லைடர் இருக்கிறது. 2.10இல் அவதிப்படுகிறவர்கள் மேலே ஏறிவிடலாம்.

டார்க்டேபிள் என்ற இலவச போட்டோ சாப்ட்வேரில் எழுத்து அளவை நேராகப் பாயின்ட்டிலேயே எழுதலாம், இந்த நான்கில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஸ்மால், மீடியம் என்று யாரோ நமக்காக முடிவு செய்வதைவிட 13 வேண்டுமா 14 வேண்டுமா என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

## பெரிதாக்கினால் எதை இழப்போம்

ஸ்கிரீனில் இடம் இலவசம் இல்லை. 1920 × 1080 ஸ்கிரீனில் 150 சதவீதம் வைத்தால் இடைமுகத்துக்கு மிஞ்சுவது 1280 × 720க்குச் சமமான இடம். போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 1280 × 800 வேண்டும் என்று அடோபியே சொல்கிறது. அந்த 80 பிக்சல் குறையும்போதுதான் சில பெட்டிகளில் ஓகே பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. அப்படி மாட்டினால் என்டர் தட்டினால் போதும், பட்டனைத் தேட வேண்டாம்.

ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்கு நஷ்டம் இன்னும் நேராகத் தெரியும். 12 × 36 ஷீட் 300 ரெசல்யூஷனில் 10,800 பிக்சல் அகலம். பேனலெல்லாம் போக 900 பிக்சல் இடம்தான் மிச்சம் என்றால் மொத்த ஷீட்டையும் சுமார் 8 சதவீத ஜூமில்தான் பார்க்க முடியும். இதனால்தான் பலர் எழுத்தை வேண்டுமென்றே ஸ்மாலில் வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத தியாகமாகத் தெரிகிறது. டேப் கீயைத் தட்டினால் பேனல் எல்லாம் மறையும், மறுபடி தட்டினால் வரும். ஷீட்டைப் பார்க்க ஒரு தட்டு, வேலை செய்ய ஒரு தட்டு.

மறுபக்க நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சின்ன எழுத்தில் 1.8க்கும் 18க்கும் வித்தியாசம் ஒரு புள்ளிதான், ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் கட்டத்தில் அந்தப் புள்ளி தெரியாவிட்டால் தலைமுடி ஓரம் மொத்தமும் கரைந்துபோகும். கொடைவிழா சீசனில் ராத்திரி ஒரு மணிக்கு ஃபிளக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது இதெல்லாம் நடக்கும்.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல்போவது. அடுத்து ணவும் னவும் ஒன்றாகும், துணைக்காலும் ரவும் ஏற்கெனவே இரட்டைப்பிறவிகள். லேயர் பெயரைத் தமிழில் வைக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தைவிட ஒரு படி பெரிய எழுத்து தேவைப்படும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு வேறொரு வேடிக்கை: போட்டோஷாப் அந்த வரியையே லேயர் பெயராக எடுத்துக்கொள்ளும், ஆனால் பேனலில் பாமினி கிடையாது, ஆகவே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூட்டாஞ்சோறு தெரியும். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்க முடியாது. பெயர் மேல் டபுள் கிளிக் செய்து நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## வெள்ளெழுத்தும் கறுப்புத் திரையும்

நாற்பது வயதையொட்டி கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கஷ்டமாகும், அதுதான் வெள்ளெழுத்து. நோயில்லை, எல்லாருக்கும் வரும். படிக்கும் கண்ணாடி போட்டால் சரியாகுமே என்றால், அந்தக் கண்ணாடி பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது ஒரு அடி சொச்சத்துக்குக் கணக்கிட்டது. மானிட்டர் இரண்டு அடி தள்ளி இருக்கிறது. அதனால்தான் கண்ணாடி போட்டவர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டோ, இரட்டைப் பவர் என்றால் தாடையைத் தூக்கிக்கொண்டோ உட்கார்ந்திருப்பார். கண் டாக்டரிடம் போகும்போது மானிட்டர் தூரத்தை அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள்.

2012இல் வந்த சிஎஸ்6 முதல் போட்டோஷாப் கறுப்பு இடைமுகத்தோடு திறக்கிறது, மற்றவையும் பெரும்பாலும் அப்படியே. படத்தின் நிறம் எடுப்பாகத் தெரிய அது உதவும். ஆனால் கறுப்புத் திரையைப் பார்க்கும்போது கண்மணி விரியும், விரிந்தால் குவியம் தளரும், வெள்ளெழுத்து இருப்பவருக்குக் கறுப்பில் சாம்பல் எழுத்து இன்னும் கலங்கும். அதே இன்டர்ஃபேஸ் பக்கத்தில் நாலு கலர் தீம் இருக்கின்றன, நடுச்சாம்பலுக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்து அளவை ஏற்றாமலேயே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

## சரிசெய்யும் வரிசை

1. ரெசல்யூஷன் பரிந்துரைத்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.
2. விண்டோஸ் ஸ்கேலை, பிரௌசரில் சாதாரணமாகப் படிக்க வசதியான அளவுக்கு வையுங்கள். மெனு மட்டும் சின்னதாக இருந்தால் அக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் என்று 225 சதவீதம் வரை போகும் தனி ஸ்லைடர் உண்டு, அது போட்டோஷாப் பேனலைப் பெரிதாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.
3. அப்புறம்தான் சாப்ட்வேருக்குள் போய் எழுத்து அளவு. மூடித் திறக்கவும்.
4. இப்போது 100 சதவீதத்தில் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். 243 பிக்சல் அடர்த்தி ஸ்கிரீனில் அது முன்பைவிடச் சின்னதாகவும் மிகக் கூர்மையாகவும் தெரியும், நாய்ஸ் என்னும் புள்ளிப்புள்ளியான கரகரப்பும் தழும்பும் ஒளிந்துகொள்ளும். ரீடச்சிங் செய்யும்போது சுமார் 300 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பதே பழைய மானிட்டரில் 100இல் பார்த்ததற்குச் சமம்.

சிஎஸ்6 போன்ற பழைய பதிப்பை விடமுடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய் ஓவர்ரைடு என்பதை டிக் செய்து "சிஸ்டம்" என்று வைத்தால் எழுத்து பெரிதாகும். ஆனால் இது மேலே சொன்ன அதே ரப்பர் ஷீட் வைத்தியம்தான். ஃபிளக்ஸ் டிசைன், ஆல்பம் அடுக்குவதற்கு ஓடும். ஷார்ப்பனிங்கும் முக ரீடச்சிங்கும் அந்த ஜன்னலில் வேண்டாம்.

பழைய மானிட்டரையும் லேப்டாப்பையும் சேர்த்து மாட்டியிருப்பவர்கள் போட்டோஷாப்பை எந்த ஸ்கிரீனில் அதிகம் பயன்படுத்துவீர்களோ அதை மெயின் டிஸ்பிளேயாக வைத்துவிட்டு அதிலேயே திறக்கவும். இத்தனையும் செய்தபிறகும் ஏதோ ஒரு ஃபில்டரின் பெட்டி மட்டும் குட்டியாக நின்றால் அது வெளியிலிருந்து சேர்த்த பழைய பிளக்இன், தன் எழுத்தைத் தானே வரைகிறது, போட்டோஷாப் சொல்வதை அது கேட்காது. அதன் புதுப்பதிப்பைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் கீயோடு பிளஸ் அழுத்தி மேக்னிஃபையரில் அந்த ஒரு பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு, விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் அழுத்தி மூடிவிடலாம்.